பாவாயி சுற்றிய ஏழாவது ஏரியல்

வெண்ணாம்பாளையத்தில் தறிச் சத்தம் காணாமல் போனது சித்திரை மாதத்து வியாழக்கிழமை ஒன்றில் மாலை நாலேகால் மணிக்கு என்று தறிச் சங்கத்தின் தீர்மானப் புத்தகத்தில் எழுதியிருக்கிறது. நாலு இருபது என்பாள் பாவாயி. அவள் சொல்வதைத்தான் நம்ப வேண்டும், ஏனென்றால் சத்தத்தைத் தொலைத்தவள் அவள்தான், அப்போது அவள் பக்கத்தில் ரேடியோ பாடிக்கொண்டிருந்தது, நிகழ்ச்சி தொடங்கி நாலு பாட்டு முடிந்திருந்தது.

ஊர் எப்படி அமைந்தது என்று சொல்லிவிட்டால் மற்றது தானாக விளங்கும். பாவாயி வீட்டு வாசலில் தொடங்கிக் கிழக்கே நூல் பிடித்தாற்போல ஒரே வரிசையில் பதினெட்டுத் தறிப்பட்டறைகள். அவள் வீட்டுக் கொல்லையில் தொடங்கி மேற்கே இறங்கினால் காவிரி. வீட்டுக்கு வடக்கேயும் தெற்கேயும் மற்ற வீடுகள், பள்ளிக்கூடம், டீக்கடை, ஓங்காளியம்மன் கோயில். பதினெட்டுப் பட்டறைகளிலும் முந்நூறு விசைத்தறிகள் முப்பது வருசமாகக் கரண்ட் இருக்கிற நேரமெல்லாம் ஓடின. அந்த ஊரில் பிறந்த குழந்தை முதலில் தறியைக் கேட்டது, பிறகுதான் தாயைக் கேட்டது. வெளியில் எல்லோரும் கத்திப் பேசினார்கள், பட்டறைக்குள் கத்தியும் பிரயோசனம் இல்லாததால் உதட்டைப் பார்த்துப் படித்துக்கொண்டார்கள், வெளியூர்க் கல்யாணப் பந்தியில் வெண்ணாம்பாளையத்துக்காரர் சாம்பார் கேட்டால் சண்டை விலக்க ஆள் ஓடி வரும்.

பாவாயிக்கு முப்பத்தெட்டு வயசு. கணவர் அர்த்தனாரியின் பட்டறையில் தார் சுற்றுவது அவள் வேலை; நெசவுக்குப் போகும் நூலைச் சின்னக் கட்டையில் தொய்யாமலும் இறுகாமலும் ஒரே இழுப்பாகச் சுற்றித் தருவது. அவள் கைச்சுற்றுக்கு ஊரில் ஈடு கிடையாது என்று அவளைப் பிடிக்காதவர்களும் ஒப்புக்கொள்வார்கள். அவளுக்கு ஒரே தம்பி வையாபுரி, தாய் தகப்பன் போன பிறகு அவள் கையில் சோறு தின்று வளர்ந்தவன், அர்த்தனாரியிடமே தறி ஓட்டினான். மூன்று வருசத்துக்கு முன்னால் ஒரு நாள் அவன் தறியை ஓடவிட்டுவிட்டு டீக்கடை ரேடியோவில் காதை ஒட்டவைத்துப் பாட்டுக் கேட்கப் போய்விட்டான். அந்த நேரம் பார்த்து, நூலை இழுத்துக்கொண்டு தறியில் இரண்டு பக்கமும் பறக்கிற நாடா என்கிற மரக்கட்டை எகிறி வந்து அர்த்தனாரியின் வாயில் அடித்து முன்பல் இரண்டைக் கொண்டுபோனது. திரும்பி வந்தவனைப் பார்த்து ரத்தத்தைத் துப்பிக்கொண்டே அர்த்தனாரி சொன்னார், "ஆத்தத் தாண்டிப் போயிருடா. நானாக் கூப்புடாம இந்தப் பக்கம் காலெடுத்து வெக்காதே."

அவன் அன்றைக்கே போனான். சூரத்துக்குப் போனதாகச் சொன்னார்கள், பம்பாய் என்றார்கள், சிங்கப்பூரில் பார்த்ததாகக்கூட ஒருவர் கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னார். அர்த்தனாரி அதற்குப் பிறகு அவன் பேரை எடுக்கவில்லை. ஆனால் சாப்பிட உட்கார்ந்தால் பக்கத்து இடத்தைக் கொஞ்சம் விட்டுத்தான் உட்கார்ந்தார், பாவாயி அதைப் பார்த்தும் பார்க்காத மாதிரி பரிமாறினாள்.

போன வருசம் கார்த்திகையில் ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் கரண்ட் போய்த் தறிகள் நின்றன. கரண்ட் போகிற நேரம்தான் அந்த ஊருக்குக் காது கிடைக்கிற நேரம், ஆளாளுக்கு ரேடியோவைத் திருகுவார்கள். பாவாயியும் நாலு பேட்டரி போட்ட சின்ன டிரான்சிஸ்டரைத் திருகினாள். தெற்கே கடலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து சிற்றலையில் வருகிற ஒரு நிலையத்தில் நேயர் விருப்பம் ஓடிக்கொண்டிருந்தது. அந்த அறிவிப்பாளருக்குப் பெயரை முதலில் சொல்லி ஊரைக் கடைசியில் சொல்கிற வழக்கம். "அடுத்த பாடலைத் தன் அக்கா, தார் சுற்றும் பாவாயிக்காக விரும்பிக் கேட்டிருக்கிறார் வையாபுரி. இவர் நமக்கு எழுதியிருப்பது..." என்றபோது கரண்ட் வந்தது. முந்நூறு தறிகளும் ஒன்றாகக் கிளம்பின, மோட்டார்களின் கொர்ர் ரேடியோவுக்குள்ளும் புகுந்தது, ஊர்ப் பெயரைத் தறி தின்றுவிட்டது. பாவாயி ரேடியோவை மடியில் வைத்துக்கொண்டு வாய்விட்டு அழுதாள். அது யாருக்கும் கேட்கவில்லை.

உயிரோடு இருக்கிறான், எங்கே என்றுதான் தெரியவில்லை. அந்த ஒரு சொல் தெரிந்துவிட்டால் அர்த்தனாரியைப் பிடித்து இழுத்துக்கொண்டாவது போய்க் கூப்பிட்டு வந்துவிடலாம் என்று அவள் கணக்குப் போட்டாள். நிலையத்துக்கு மூன்று கடிதம் எழுதினாள். மூன்றுக்கும் ஒலிபரப்புக் கோபுரப் படம் போட்ட ஒரே மாதிரி அட்டை வந்தது, எங்கள் நிகழ்ச்சியைக் கேட்டதற்கு நன்றி, தொடர்ந்து கேளுங்கள் என்று அச்சடித்து. தொடர்ந்து கேட்பதற்குத்தான் வழியில்லை. கரண்டோ வியாழக்கிழமை பார்த்துப் போவதில்லை. அர்த்தனாரி டிரான்சிஸ்டருக்கு மாசம் தவறாமல் புதுப் பேட்டரி வாங்கிப் போட்டார்.

ரேடியோ ரிப்பேர்க் கடை அய்யாவு ஒரு யோசனை சொன்னார். அய்யாவுக்குக் கரையான் தின்றது போக முக்கால் புத்தகம் ஒன்று இருந்தது, ஆங்கிலப் படப் புத்தகம், அதைக் காட்டித்தான் எதையும் சொல்வார்.

"வெறும் கம்பி கட்டுனா நாலாப் பக்கத்துச் சத்தமும் வந்து உழுகும் அம்மிணி. சட்டத்துல கம்பியச் சுத்தணும். லூப்பு ஏரியல்னு பேரு. சட்டத்தோட விளிம்பு பாக்கற பக்கம் நல்லாக் கேக்கும், முகம் பாக்கற பக்கம் செவிடு. விளிம்பத் தெக்கால வெச்சுப்போட்டா உன்ற தறி கெழக்கால கெடந்து கத்தட்டும், ரேடியோவுக்குத் தெரியாது."

"எத்தன சுத்துங்ண்ணா?"

"சுத்து எச்சானா நல்லதுதான்" என்றார் அய்யாவு. அந்தப் பக்கம்தான் கரையான் தின்ற பக்கம்.

சுற்றுகிற வேலை என்றால் பாவாயிக்குக் கரும்பு. எரிந்துபோன தறி மோட்டாரைப் பிரித்துச் செம்புக் கம்பி எடுத்தாள், உடைந்த தறியின் மரத்தில் ஆள் உயரத்துக்குச் சிலுவையாகச் சட்டம் அடித்தாள், நாற்பது சுற்றுச் சுற்றினாள். அய்யாவு பழைய வால்வு ரேடியோவிலிருந்து கழற்றிய கண்டன்சரை அலை பிடிப்பதற்கு அதில் கோத்துக் கொடுத்தார். சிற்றலை ஒரு சொட்டு வரவில்லை. கடையில் நெட்டலை உள்ள பெரிய ரேடியோவில் மாட்டிப் பார்த்தால் எங்கேயோ ஒரு விமான நிலையம் தன் பெயரை டிட் டிட் டா என்று ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தது. நெட்டலைக்குத்தான் நிறையச் சுற்று வேண்டும், சிற்றலைக்கு நாலே சுற்று போதும் என்று கண்டுபிடிப்பதற்குள் மார்கழி போய்விட்டது. நிறையச் சுற்றினால்தான் வேலை என்று இருபது வருசம் பழகிய கைக்கு நாலு சுற்றோடு நிறுத்துவது பெரும்பாடாக இருந்தது. அடுத்ததில் கம்பிகள் ஒன்றோடொன்று ஒட்டி இரைந்தன, அதற்கடுத்ததில் பழைய மூங்கில் பன்னையை, தறியில் இழை பிரிக்கிற சீப்பை, நறுக்கி வைத்துக் கம்பிகளை விரல் அகலம் விலக்கினாள். அப்புறம் ரேடியோவுக்குப் போகிற கம்பியைத் தனியாக ஒரு சுற்றாக நடுவில் கட்டினாள். வீட்டுக்குள்ளிருந்து மொட்டை மாடிக்குத் தூக்கினாள். இரைச்சல் குறைந்தது, ஆனால் போகவில்லை. இடது பக்கம் வலது பக்கத்தைவிட ஒரு நெல் கனமாக இருக்கிறது என்று அவளுக்குக் கையிலேயே தெரிந்தது. ஆறாவதையும் அவிழ்த்தாள். அவிழ்த்தாள் என்றுதான் சொல்ல வேண்டும், தார்க்காரிகள் நூலை அறுப்பதில்லை. முனையைத் தேடிப் பிடித்துப் பொறுமையாக அவிழ்ப்பார்கள், அவசரப்பட்டு அறுத்தவளை அன்று முழுக்கக் கேலி செய்வார்கள்.

ஏழாவதைச் சித்திரையில், மூச்சைப் பிடித்துக்கொண்டு, நூல் சுற்றுவதைவிட நுணுக்கமாகச் சுற்றினாள். வியாழக்கிழமை நாலு மணிக்கு மாடியில் நிறுத்தி, விளிம்பைத் தெற்கே வைத்து, இந்தப் பக்கம் ஒரு மயிரிழை, அந்தப் பக்கம் ஒரு மயிரிழை என்று திருப்பிக்கொண்டே வந்தாள். ரேடியோவில் கொர்ர் தேய்ந்தது, இன்னும் தேய்ந்தது, ஓர் இடத்தில் அறவே நின்றது. அதே இடத்தில் தறிச் சத்தமும் நின்றது.

கரண்ட் போய்விட்டதென்று எட்டிப் பார்த்தாள். பட்டறைக் கதவு வழியே தறிகள் ஓடுவது தெரிந்தது, நாடாக்கள் பறந்தன, துணி இறங்கியது, வாசலில் அர்த்தனாரி இடுப்பில் கை வைத்துக்கொண்டு தறிகளையே பார்த்துக்கொண்டு நின்றார். ரேடியோவில் ஐந்தாவது பாட்டு மணி மாதிரி கேட்டது. பாவாயி திண்டில் உட்கார்ந்து நிகழ்ச்சியைக் கடைசி வரை கேட்டாள். அன்றைக்கு வையாபுரி பெயர் வரவில்லை.

பட்டறைக்குள் இருந்தவர்களுக்கு ஒரு மாற்றமும் இல்லை. முன்னாலும் ஒருவர் பேசுவது ஒருவருக்குக் கேட்டதில்லை, இப்போதும் கேட்கவில்லை. இழை அறுந்தால் முன்பு தறியின் தாளம் மாறுவதை வைத்துக் கண்டுபிடிப்பார்கள், இப்போது தறி மரத்தில் உள்ளங்கையை வைத்துக் கண்டுபிடித்தார்கள், ஒரு வாரத்தில் பழகிவிட்டது. கஷ்டப்பட்டது வெளியில் இருந்தவர்கள்தான். முப்பது வருசமாக ரகசியத்தையும் கத்தியே சொன்ன ஊர், சத்தம் போன பிறகும் கத்தியே சொன்னது. வடக்குத் தெருவில் ஒருத்தி தன் நாத்தனார் சங்கதியைப் பக்கத்து வீட்டுக்காரியின் காதில் சொன்னது நாலு வீதிக்கும் கேட்டு, நாத்தனாரே தெருமுனையிலிருந்து பதில் சொன்னாள். கைக்குழந்தைகள் தூங்க மறுத்தன, தாய்மார்கள் தொட்டில் பக்கத்தில் தகரத் தட்டை வைத்துத் தறி மாதிரி தட்டித் தூங்க வைத்தார்கள். பள்ளிக்கூடத்து வாத்தியார் தான் வருசக்கணக்கில் நடத்திய பாடத்தில் பாதிதான் பிள்ளைகளுக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது என்று தெரிந்து ஒரு நாள் லீவு போட்டார். தறி ஓட்டி ஓய்ந்த பெரியவர்கள்தான் பாவம். சத்தம் இருந்தவரை எல்லோரையும் போல உதடு பார்த்துக் காலம் தள்ளியவர்கள், இப்போது மற்றவர்கள் மெதுவாகப் பேசிச் சிரிக்க, தங்கள் காது என்றைக்கோ போய்விட்டது என்று அறிந்துகொண்டார்கள். அவர்களில் இரண்டு பேர் பாவாயி வீட்டுக்கு வந்து கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுப் போனார்கள்.

வைகாசி பிறந்ததும் ஊர் மெல்லப் பேசக் கற்றுக்கொண்டது. புருஷன் பெண்டாட்டிக்கு நடுவில் இருந்த சண்டையில் பாதி, என்னது என்னது என்று கேட்டதால் வந்த சண்டை என்று தெரிந்தது. மீதிப் பாதி இப்போது தெளிவாகக் கேட்டது. முன்பெல்லாம் காது போய்விடும் என்று இந்த ஊருக்குப் பெண் கொடுக்கத் தயங்குவார்கள், அந்த வைகாசியில் ஏழு சம்பந்தம் கூடியது. காவிரிச் சத்தமும் காணவில்லை என்பதை யாரும் கவனிக்கவில்லை. தறி ஓடிய முப்பது வருசமும் காவிரியை யார் கேட்டார்கள்?

அய்யாவு மட்டும் கவனித்தார். ஒரு நாள் மாடிக்கு வந்து ஏரியலை இரண்டு பக்கமும் சுற்றிப் பார்த்தார். "இதுக்கு முகம் ரெண்டு அம்மிணி, முன்னால ஒண்ணு பின்னால ஒண்ணு. கெழக்கால செவிடுன்னா மேக்காலயும் செவிடுதான். தறியோட சேந்து ஆத்தங்கரையும் ஊமையாப் போச்சு. அக்கரைல கல்லாந்துறைச் சாயப்பட்டறைல கூடச் சத்தமே இல்லியாமா, அவங்க என்னமோ அவங்க சாமி செஞ்சதுன்னு பொங்கல் வெச்சிருக்கறாங்க."

"அத்தன தொலைவுக்குமா?"

"ஆத்தத் தாண்டறதெல்லாம் ஒரு தொலைவா? ரொம்பத் தொலைவுல இருந்து வர்றது வானத்துல முட்டி மேல இருந்து எறங்கும், அது எப்புடியும் நுழைஞ்சு வந்துரும். கிட்டக்க இருக்கறதுதான் தரையோட வந்து மாட்டிக்கும்."

பாவாயிக்குத் தொலைவில் இருப்பது வந்தால் போதும் என்று இருந்தது.

இவ்வளவு நல்லது செய்கிற சாமானை ஊர் சும்மா விடுமா? ஆனி மாதம் தறிச் சங்கத் தலைவர் ராக்கியண்ணன் நாலு பேரோடும் இரண்டு சிமெண்ட் மூட்டையோடும் மாடி ஏறி வந்தார். காற்றடித்தால், காக்காய் உட்கார்ந்தால், யாராவது தெரியாமல் தொட்டால் சத்தம் திரும்பிவிடுமே என்று சங்கத்தில் கவலைப்பட்டிருந்தார்கள். ஏரியலின் காலைச் சுற்றி முழங்கால் உயரத்துக்கு மேடை கட்டினார்கள், கண்டன்சர் திருகைத் திருக முடியாதபடி அரக்கு உருக்கி ஊற்றினார்கள், கம்பி முனைகளையும் அரக்கிலேயே புதைத்தார்கள், சட்டத்துக்கு மஞ்சள் குங்குமம் வைத்தார்கள்.

"திருப்பறதுக்குன்னு செஞ்சதுங்ண்ணா அது" என்றாள் பாவாயி. "நட்டு வெச்சா எப்புடி?"

"நின்ன எடத்துல நின்னாத்தானே அம்மிணி ஊருக்கு நல்லது. உனக்கென்ன, உன்ற பாட்டுதான் கேக்குதல்ல?"

கேட்டதுதான். ஒவ்வொரு வியாழக்கிழமையும் சிமெண்ட் மேடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பெயர்களைக் கேட்டாள். யார் யாரோ அண்ணன்கள், அத்தைகள், புதுமணத் தம்பதிகள், தோட்டத்து நண்பர்கள் குழு. சித்திரையிலிருந்து பதினாலு வியாழக்கிழமைகள் போயின. பாட்டுக் கேட்டு எழுதுவது தம்பிக்கு அலுத்துவிட்டது போல என்று ஒரு வாரம் நினைத்தாள், அவனுக்கே ஏதாவது ஆகிவிட்டதோ என்று அடுத்த வாரம் நினைத்தாள், அந்த வாரம் முழுக்க அவளுக்குச் சோறு இறங்கவில்லை. பட்டறை வேலை முடிந்து ஆற்றில் குளிக்கக் கிளம்பும் அர்த்தனாரி, மாடிப்படி அடியில் நின்று, புருவத்தை உயர்த்துவார். அவள் இல்லை என்று தலையாட்டுவாள். அவர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு போவார்.

ஆடி மாதத்துக் கடைசி வியாழக்கிழமையும் அப்படித்தான் போனார். மேலே மேட்டூரில் அணை நிரம்பி, தண்ணீரைத் திறந்துவிட்டிருந்தார்கள் என்பது வெண்ணாம்பாளையத்துக்குத் தெரியாது. கரையில் அன்று எழுபது எண்பது பேர் இருந்தார்கள். குளிக்கிறவர்கள், சாயம் அலசுகிறவர்கள், பாறை மேல் துணி காயப்போடுகிறவர்கள். அர்த்தனாரி வழக்கம்போல நடு ஆற்றுப் பாறையில் முதுகைக் காட்டிக்கொண்டு சோப்புப் போட்டார்.

நாலு இருபத்தைந்துக்கு அறிவிப்பாளர் சொன்னார், "அடுத்ததாகத் தன் அக்கா, தார் சுற்றும் பாவாயிக்காக..."

பாவாயி எழுந்துவிட்டாள். சந்தோசத்தில் எழுந்த அதே எழுச்சியில் அவளுக்கு மேற்கே ஆறு தெரிந்தது. கரைச் சாலையில் மைக் கட்டிய ஜீப் ஒன்று ஊர்ந்து வந்தது, அதில் ஒருவர் கழுத்து நரம்பு புடைக்கக் கத்திக்கொண்டிருந்தார், ஒரு சத்தமும் இல்லை. அந்தக் கரையில் நின்ற அத்தனை பேரும் உதட்டைப் பார்த்தே முழு வசனம் படிக்கிறவர்கள், ஆனால் மைக் அவர் உதட்டை மறைத்திருந்தது. சினிமாக் கொட்டாய் ஜீப் என்று நினைத்து இரண்டு பேர் கையை ஆட்டினார்கள். ஜீப்புக்கும் அந்தப் பக்கம், வளைவில், செம்மண் நிறத்தில் நுரை கட்டிக்கொண்டு தண்ணீர் வந்துகொண்டிருந்தது. அவ்வளவு பெரிய தண்ணீர் ஒரு முணுமுணுப்புக்கூட இல்லாமல் வந்தது.

"...விரும்பிக் கேட்டிருக்கிறார் வையாபுரி..."

ஓடினால் போய்ச் சேருவதற்குள் தண்ணீர் சேர்ந்துவிடும். பாவாயி ஏரியலைப் பிடித்துத் திருப்பினாள், சிமெண்ட் மேடை அசையவில்லை. திருகைத் திருகினாள், அரக்கில் நகம் பெயர்ந்தது. முனையைத் தேடினாள், முனை அரக்குக்குள் இருந்தது. தேங்காய் மட்டை வெட்டுகிற கொடுவாள் மாடிச் சுவரில் சாத்தியிருந்தது.

"...இவர் நமக்கு எழுதியிருப்பது..."

ஒரு சொல்தான், ஒரு மூச்சு நேரம்தான், இதைக் கேட்டுவிட்டு வெட்டலாம் என்று அவள் மனசு சொல்லி முடிப்பதற்குள் கை வெட்டிவிட்டது. இருபது வருசத்தில் அவள் அறுத்த முதல் சுற்று அது.

முந்நூறு தறிகளும் ஒரே நேரத்தில் ஊர் தலையில் விழுந்தன. தெருவில் போனவர்கள் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்தார்கள், குழந்தைகள் வீறிட்டன, பட்டறைக்குள் இருந்தவர்கள் தங்கள் தறி போடுகிற சத்தத்தைக் கேட்டே மிரண்டு, என்னவோ உடைந்துவிட்டதென்று நினைத்து ஒவ்வொன்றாக நிறுத்தினார்கள். தறிகள் அடங்க அடங்க, அதற்கு அடியிலிருந்து இன்னொரு சத்தம் எழுந்தது, முப்பது வருசமாக அந்த ஊர் காது கொடுத்துக் கேட்காத காவிரியின் சத்தம். அதைக் கேட்டதும் கரையில் நின்றவர்களுக்கு ஜீப் சொல்வதைக் கேட்க வேண்டிய அவசியம் இருக்கவில்லை. பாறையில் அர்த்தனாரி திரும்பிப் பார்த்தார், சோப்பு நுரையோடு தண்ணீரில் விழுந்தார், தத்தளித்தார், சாயக்காரர்கள் வீசிய நூல் கட்டுகளைப் பிடித்துக் கரையேறினார். அவர் உட்கார்ந்திருந்த பாறை அப்புறம் நாலு நாளைக்குக் கண்ணில் படவில்லை. போனது ஒரு துண்டு, ஒரு சோப்பு டப்பா, ஏழு கட்டு நூல். ஆள் ஒன்றும் போகவில்லை.

வெள்ளம் என்றதும் கரண்டையும் நிறுத்தினார்கள். பாவாயி கரைக்கு ஓடி வந்தபோது ஊரே அங்கே மேட்டில் நின்றது. "ஏரியல வெட்டிப்போட்டியே அம்மிணி" என்று ஆரம்பித்த ராக்கியண்ணன், தண்ணீரைப் பார்த்துவிட்டு மீதியை விழுங்கிக்கொண்டார். அர்த்தனாரி ஈரத்தோடு நடுங்கிக்கொண்டு அவளைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். அவளுக்குத் தலையாட்ட முடியவில்லை.

"பேரு வந்துச்சுங்க. ஊரு வர்றதுக்குள்ள அறுத்துப்போட்டேன்" என்று சொல்லி அவர் ஈரத் தோளிலேயே முகத்தை வைத்து அழுதாள். அவருக்கும் அழுகை வந்தது. தன்னால்தான் அவன் போனான், தன்னால்தான் இவள் இத்தனை மாசமாக மாடியில் கிடந்தாள், தன்னால்தான் இன்றைக்கும் அந்தச் சொல் போனது என்று அவர் அத்தனை பேர் முன்னாலும் முன்பல் இல்லாத வாயைத் திறந்து சொன்னார்.

அப்போதுதான் ஆற்றுக்கு அந்தப் பக்கத்திலிருந்து அது வந்தது.

"அக்கோவ்!"

தறிக்கு மேல் கத்திப் பழகிய தொண்டையால் மட்டுமே வெள்ளத்துக்கு மேல் அப்படிக் கத்த முடியும். எல்லோரும் திரும்பினார்கள். நேர் மேற்கே, கல்லாந்துறைச் சாயப்பட்டறையின் கூரை மேல் ஒருவன் ஏறி நின்று இரண்டு கையையும் வாயில் குவித்திருந்தான். மூன்று வருசமாக அங்கே நின்று அக்கா வீட்டு மாடியைப் பார்த்தவன், அவளாகக் கூப்பிடட்டும், மாமாவாகக் கூப்பிடட்டும் என்று கடல் கடந்த நிலையத்துக்குப் பாட்டுக் கேட்டு எழுதிப் போட்டவன், இன்றைக்கு அக்கா வீட்டுக் கொல்லையைத் தண்ணீர் தொடுவதைப் பார்த்து ரோசத்தையெல்லாம் விட்டுவிட்டுக் கத்தினான். இத்தனை நாளும் பாவாயி தெற்கே காதை வைத்து உட்கார்ந்திருந்தாள்.

"வையாபுரி!" என்று அவள் கத்தினாள். "ஏன்டா, இங்கியேவா இருந்தே?"

கூரை மேல் நின்றவன் மறுபடி கையைக் குவித்தான்.

"மாமா ஆத்தத் தாண்டித்தானே போகச் சொன்னாரு! தாண்டிட்டேன்!"

யாரோ சிரித்தார்கள், யாரோ மூக்கைச் சிந்தினார்கள். அர்த்தனாரி கரையின் விளிம்புக்குப் போய், "வாடா மாப்ள!" என்று கத்தினார். பல் போன சந்து வழியாகப் பாதி காற்றாகப் போனது, மீதிப் பாதியைக் காவிரி கொண்டுபோனது. மூன்று மாசமாக மெல்லப் பேசிப் பழகியதில் தொண்டையும் மறந்திருந்தது. மறுபடி கத்தினார். கூரை மேல் இருந்தவன் காதுக்குப் பின்னால் கையை வைத்தான்.

ராக்கியண்ணன் தொண்டையைச் செருமினார். பதினெட்டுப் பட்டறை ஆட்களும், சாயக்காரர்களும், வாத்தியாரும், நாத்தனாரும், நாத்தனார் சங்கதி சொன்னவளும், காது போன இரண்டு பெரியவர்களும் மூச்சை இழுத்துக்கொண்டார்கள். அய்யாவு ஒன்று, இரண்டு, மூன்று என்று விரல் காட்டினார்.

"வையாபுரி! மாமா கூப்புடறாரு! ஊட்டுக்கு வா!"

அக்கரைத் தென்னைகளிலிருந்து கொக்குகள் எழுந்து பறந்தன. கூரை மேல் நின்றவன் முகத்தைத் துடைத்துக்கொள்வது இங்கிருந்தே தெரிந்தது.

"தண்ணி வடியட்டும் மாமா! பாலத்த அடைச்சிருக்கறாங்க!"

"சாப்புட்டியாடா?" என்று பாவாயி கத்தினாள்.

"இன்னும் இல்லக்கா!"